மலையைச் சுற்றி ஒரு ரூட்: ட்ரோன் வேலையில் வேபாயின்ட் வைக்கப் பழகுவது

ட்ரோன் வேலைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் ரிமோட் பிடிக்கும் கையைத்தான் பழக்குகிறார்கள். கல்யாண வீடியோவுக்கு அது போதும். நில அளவை, கோபுர ஆய்வு, மலைச்சரிவைப் படமெடுப்பது என்று போய்விட்டால் ட்ரோனை ஓட்டுவது லேப்டாப்பில் முன்கூட்டியே போட்டுவைத்த ரூட். அதில் ஒரு பகுதியை மென்பொருளே போட்டுத் தந்துவிடும். எல்லையை வரைந்தால் கோடு கோடாக உழவு ஓட்டியதுபோல் பாதை வந்து நிற்கும். மிச்சப் பகுதி, இடத்தை நேரில் பார்த்து நாமே செருகும் வேபாயின்ட்கள், அதாவது ட்ரோன் கடந்து போக வேண்டிய புள்ளிகள். முதல் பகுதியை ஒரு மதியத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நிறுவனங்கள் ஆள் தேடுவது இரண்டாவதற்குத்தான்.

திருவண்ணாமலைப் பக்கத்து இளைஞர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. வேபாயின்ட் வைப்பதைக் கடினமாக்கும் எல்லாமே இங்கே ஒரே ஊரில் கிடக்கின்றன. 217 அடி ராஜகோபுரம், 2,668 அடி மலை, 14 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் கிரிவலப் பாதை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம், வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் சரிவு. இந்த மலைக்கு ஒழுங்காக ரூட் போடத் தெரிந்தவர் சமவெளியில் எங்கே போனாலும் திணற மாட்டார்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், மத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். கிடைக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் பத்தாண்டுகள் செல்லும். 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் இரண்டு கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் உங்களுக்கு வேலை வேண்டும் என்றால் தேவை. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ஆளில்லா வானூர்திக் கழகம் இந்தப் பயிற்சியைத் தருகிறது. தனியார் மையங்களும் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மிஷன் பிளானிங்குக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால், அந்தப் பகுதியை நீங்களே வீட்டில் கற்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

காசில்லாமல் ஒரு கிரிவலம்

மிஷன் பிளானர், கியூகிரவுண்ட்கன்ட்ரோல் ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். ஆர்டுபைலட் வகைக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள ட்ரோன்களோடு இரண்டும் பேசும். மிஷன் பிளானரில் சிமுலேஷன் என்று ஒரு திரை உண்டு. அதில் ட்ரோனே இல்லாமல், வரைபடத்தில் ஒரு கற்பனை ட்ரோனைப் பறக்கவிடலாம். அனுமதியும் பேட்டரியும் வேண்டாம், போலீஸ் கூப்பிடாது. சுமாரான விண்டோஸ் லேப்டாப் ஒன்று போதும்.

முதல் பயிற்சியாக, புறப்படும் இடத்தைக் கோயிலுக்குக் கிழக்கே வைத்துவிட்டு, கிரிவலப் பாதையில் உள்ள அஷ்ட லிங்கங்களை வேபாயின்ட்களாக வையுங்கள். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் ஒன்று முதல் எட்டு வரை எண் விழும். கடைசியில் மறுபடி இந்திர லிங்கத்துக்கு வாருங்கள். இப்போது மொத்தத் தூரத்தைப் பாருங்கள். 14 கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் காட்டும். நடந்து போகிறவர் சாலையின் வளைவோடு வளைகிறார். ட்ரோனோ ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நேர்கோடு பிடிக்கும். அந்த நேர்கோடு சில இடங்களில் வீடுகளின் மேலும் சில இடங்களில் மலையடிவாரத்தின் மேலும் விழுவது திரையில் தெரியும். அங்கெல்லாம் இடையில் ஒரு புள்ளி செருக வேண்டும். ரமணாசிரமத்துக்கு அருகே ஒன்று, அடி அண்ணாமலைக்கு அருகே ஒன்று, சாலை திரும்பும் இடங்களில் இன்னும் சில.

எல்லாருக்கும் முதலில் சறுக்கும் இடம் இதுதான். அடி அண்ணாமலையின் மேல் சும்மா கிளிக் செய்தால் அந்தப் புள்ளி பட்டியலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் பார்த்தால் சரியான இடத்தில்தான் இருக்கும், வரிசையில்தான் தவறு. மலையைச் சுற்றி முடித்த ட்ரோன், கடைசியாக ஊரின் பக்கமிருந்து மேற்கே அடி அண்ணாமலைக்கு மலையின் குறுக்கே நேராகக் கிளம்பும். மிஷன் பிளானரில் ரைட் கிளிக் செய்து செருகும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால், எந்த எண்ணுக்குப் பிறகு என்று கேட்கும். அல்லது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள கோட்டின் நடுவில் தெரியும் கூட்டல் குறியை அழுத்தலாம். கியூகிரவுண்ட்கன்ட்ரோலில், பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் புள்ளிக்கு அடுத்ததாகப் புதியது சேரும். ஆகவே கிளிக் செய்யும் முன் எந்தப் புள்ளி தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செருகியதும் பின்னால் உள்ள ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் ஒன்று கூடிவிடும். "ஐந்தாம் புள்ளிக்குத் திரும்பிப் போ" என்பது மாதிரி ஜம்ப் கட்டளை ஏதாவது முன்பே போட்டிருந்தால், அது இப்போது வேறொரு இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். புள்ளி செருகிய ஒவ்வொரு முறையும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்திலிருப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் ட்ரோன் திரும்பும் என்று எண்ண வேண்டாம். புதிய கட்டுப்பாட்டு மென்பொருள்கள் மூலையை லேசாக வளைத்துக்கொண்டு போகும். அந்தப் புள்ளியில் நின்றே ஆக வேண்டும் என்றால் தாமத நேரம் ஒரு நொடியாவது போட வேண்டும். இறக்கை வைத்த ட்ரோன் என்றால் நிற்கவே நிற்காது, அதன் திருப்பத்துக்கு இடம் விட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும்.

ஆர்க்டிக்கில் ஒரு திருவண்ணாமலை

கிளிக் செய்து வைப்பது பயிற்சிக்குச் சரி. வேலையில் புள்ளிகள் எண்களாக வரும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், எக்செல் தாளில் தருவார், சிலர் கையால் எழுதிய சீட்டையே நீட்டுவார்கள். அருணாசலேஸ்வரர் கோயில் தோராயமாக வடக்கே 12.23 பாகை, கிழக்கே 79.07 பாகை. இந்த இரண்டு எண்ணையும் இடம் மாற்றித் தட்டினால் புள்ளி எங்கே விழும் தெரியுமா? வட துருவத்துக்கு அருகே நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில். 2008-ல் இந்தியா அங்கே திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். இவ்வளவு பெரிய தவறு நல்ல தவறு. ரூட்டின் நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காட்டும், உடனே பிடிபட்டுவிடும்.

ஆபத்தானவை சின்னத் தவறுகள். 12 பாகை 13 நிமிடம் 55 விநாடி என்று எழுதியிருப்பதை 12.1355 என்று தட்டுகிறவர்கள் உண்டு. சரியான தசம எண் 12.2319. வித்தியாசம் பத்து கிலோமீட்டருக்கு மேல். இதுவும் பிடிபடும். விநாடியை மட்டும் தவறாக மாற்றினால் சில நூறு மீட்டர்தான் நகரும். சமவெளி வயலில் அது படம் கெட்டுப்போகும் அளவுக்கான தவறு. இங்கே அது சாலைக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளி. தசமத்தில் ஐந்தாம் இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் எத்தனை இலக்கம் வேண்டும் என்ற சந்தேகம் வராது. மூன்று இலக்கத்தோடு யாராவது புள்ளி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள், அதில் நூறு மீட்டர் தெளிவுதான் இருக்கிறது.

பெரிய விமானங்களிலும் இது நடந்திருக்கிறது. 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூர் புறப்பட்ட ஏர்ஏசியா எக்ஸ் விமானத்தில், நின்றிருந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கேப்டன் கையால் பதிவு செய்தார். 15109.8 என்று இருக்க வேண்டியது 01519.8 என்று விழுந்தது. விமானத்தின் கணக்கில் அது 11,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி எங்கோ நின்றது. மேலே ஏறியபின் வழிகாட்டும் கருவிகள் குழம்பி, கடைசியில் மெல்போர்னில் இறக்க வேண்டியதாயிற்று. அனுபவம் மிகுந்தவரின் விரலே தவறும்போது, நம் விரலை நாம் நம்ப வேண்டியதில்லை. எண்ணை ஒருவர் தட்ட வேண்டும், இன்னொருவர் மூலத் தாளைப் பார்த்து வாசித்துச் சரிபார்க்க வேண்டும். தனியாள் என்றால் முடிந்தவரை தட்டாதீர்கள், கேஎம்எல் கோப்பாக வாங்கி அப்படியே ஏற்றுங்கள்.

எந்தத் தரையிலிருந்து உயரம்?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. மலைப்பகுதியில் ட்ரோன் நொறுங்குவதற்கு வழிவகுக்கும் அடிப்படைக் குழப்பம் ஒன்றே ஒன்று: வேபாயின்ட்டில் போட்ட உயரம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பது.

மென்பொருளில் மூன்று வகை உண்டு. புறப்பட்ட இடத்திலிருந்து அளப்பது, கடல் மட்டத்திலிருந்து அளப்பது, கீழே உள்ள நிலத்திலிருந்து அளப்பது. பொதுவாக முதல் வகைதான் தயாராகத் தேர்வாகியிருக்கும். கோயிலுக்கு அருகே புறப்பட்டு 100 மீட்டர் உயரம் போட்டு, பின்புறச் சரிவில் மேற்கே ஒரு புள்ளி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டர் உயரத்திலேயே கிடைமட்டமாகப் போகும். மலை அப்படிக் கிடைமட்டமாக இருக்காதே. ஊரின் தரையிலிருந்து மலையுச்சி சுமார் 600 மீட்டர் எழும்புகிறது. சரிவு 100 மீட்டர் ஏறும் இடத்தில் ட்ரோன் பாறையைச் சந்திக்கும்.

கணக்கு எளியது. புள்ளி வைக்கும் இடத்தின் தரை உயரத்திலிருந்து புறப்படும் இடத்தின் தரை உயரத்தைக் கழியுங்கள். நீங்கள் விட விரும்பும் இடைவெளியைக் கூட்டுங்கள். புறப்படும் தரை 200 மீட்டர், புள்ளியின் தரை 290 மீட்டர், இடைவெளி 60 என்றால் போட வேண்டிய உயரம் 150. ஆனால் ஒரு புள்ளிக்குக் கணக்குப் போட்டால் போதாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகடு துருத்திக்கொண்டிருந்தால், இரு முனையிலும் உயரம் சரியாக இருந்தும் நடுவில் இடிக்கும். சரிவு முறியும் இடத்திலெல்லாம், அதாவது மலை சட்டென்று செங்குத்தாகும் இடத்திலும் சமமாகும் இடத்திலும், நீங்களே ஒரு புள்ளி செருக வேண்டும். மிஷன் பிளானரில் ரைட் கிளிக் செய்தால் உயர வரைபடம் கிடைக்கும். கியூகிரவுண்ட்கன்ட்ரோலில் நிலத்தின் உயரமும் ரூட்டின் உயரமும் திரையின் அடியிலேயே தெரியும். அந்த இரண்டு கோடுகளையும் பார்க்காமல் ரூட்டை ட்ரோனில் ஏற்றுகிறவரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

நிலத்தையொட்டிப் பறக்கும் மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் தீர்ந்ததா? பாதி தீரும். மென்பொருள் பயன்படுத்தும் நில உயரத் தகவல் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடாரால் எடுத்த அளவை. முப்பது முதல் தொண்ணூறு மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் இருப்பது. தனியாக நிற்கும் பாறை அதில் கரைந்துபோயிருக்கும். கோபுரம், செல்போன் டவர், உயரழுத்த மின்கம்பி, அதற்குப்பின் வளர்ந்த மரம் எதுவும் அதற்குத் தெரியாது. ராஜகோபுரத்தின் உயரம் 66 மீட்டர். நிலத்திலிருந்து 60 மீட்டரில் பறக்கும்படி ரூட் போட்டால் மென்பொருள் பச்சைக் கொடி காட்டும். கண்ணால் பார்த்தவருக்குத்தான் அங்கே கோபுரம் இருப்பது தெரியும்.

மேலே போய்விட்டால் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் உச்சவரம்பு தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர். கோபுரத்துக்கு மேலே நமக்குக் கிடைப்பது ஐம்பத்து சொச்சம் மீட்டர்தான். மலைச்சரிவிலோ கீழே பாறை, மேலே சட்டம், நடுவே ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் ரூட்டை நுழைக்கத்தான் சொந்த வேபாயின்ட்கள்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெங்கல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப்பின் இந்தச் சரிவுகளை யாராவது அளந்து ஒப்பிட வேண்டிய தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வேலையில் ஒரு மழைக்கு முன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் ஒரே புள்ளியிலிருந்து, ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கையால் ஓட்டி எடுத்த படம் அதற்கு உதவாது.

திரும்பி வரும் வழி

ரூட் போடுகிறவர்கள் போகும் வழியை மட்டும் யோசிப்பார்கள். பேட்டரி இறங்கினாலோ ரிமோட் தொடர்பு அறுந்தாலோ ட்ரோன் உங்கள் வேபாயின்ட்களை மறந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். இதைத்தான் ஆர்டிஎல் என்கிறார்கள். ஆர்டுபைலட்டின் ஹெலிகாப்டர் வகை ட்ரோன்களில் இதற்கான தொடக்க உயரம் 15 மீட்டர்தான். ட்ரோன் அதற்கும் மேலே இருந்தால் இருக்கும் உயரத்திலேயே திரும்பும். செங்கம் சாலையில் நின்று புறப்பட்டு, ட்ரோன் அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கும்போது ஆர்டிஎல் வந்தால் நேர்கோட்டின் நடுவில் நிற்பது அண்ணாமலையேதான். தொடர்பு அறுவதற்கே காரணமும் அதே மலையாக இருக்கும்.

இதற்கு வழி ராலி புள்ளிகள். ரூட்டுக்கு வெளியே, பத்திரமாக இறங்கக்கூடிய இடங்களை முன்பே குறித்துவைத்தால் ட்ரோன் அருகிலிருப்பதைத் தேடிப் போகும். அதைவிட நல்ல வழி, மலையை ஒரே மூச்சில் சுற்ற ஆசைப்படாமல் ரூட்டைத் துண்டுகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புறப்படும் இடம், ட்ரோன் எப்போதும் கண்ணில் படும் தூரத்தில். சிமுலேட்டரில் கிரிவலம் முழுதும் சுற்றலாம். நேரில் ஒரே பறப்பில் சுற்ற நினைப்பது சட்டத்துக்கும் புத்திக்கும் ஒவ்வாது.

அனுமதி விஷயத்திலும் ஊருக்கென்று சில உண்டு. புறப்படும் நாளன்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், நேற்றுப் பார்த்தது போதாது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதியில் இடமிருக்கிறது. தீபத் திருவிழா சமயத்தில் இங்கே தனியார் ட்ரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கோயிலுக்கு அறநிலையத்துறை, மலைக்கு வனத்துறை என்று அனுமதியை எழுத்துப்பூர்வமாக வாங்கிய பிறகே லேப்டாப்பைத் திறக்கும் பழக்கம் இருந்தால் நிறுவனம் உங்களை விடாது.

மருந்து தெளிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை, ஆகவே வேலைக்கும் குறைவிருக்காது. அங்கே உயரச் சிக்கல் கிடையாது, தடைகள்தான் சிக்கல். வரப்போரத் தென்னை, கிணறு, மோட்டார் கொட்டகை, ஈபி லைன். செயற்கைக்கோள் படத்தில் மின்கம்பி தெரியாது, கம்பத்தின் நிழல் மட்டும் தெரியலாம். வயலைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று போனில் புள்ளி பதிந்து வந்து ரூட்டில் சேர்ப்பதற்கு ஈடு கிடையாது. நிலத்துக்காரரை உடன் அழைத்துப் போங்கள். போன மாதம் புதிதாக இழுத்த லைன் அவருக்குத்தான் தெரியும்.

மாற்றியதைச் சொல்லாமல் விடுவது

1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் சுற்றுலா விமானம் ஒன்று அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். விமானிகளுக்கு முன்கூட்டியே காட்டப்பட்ட ரூட் மலைக்கு மேற்கே, உறைந்த கடலின் மேல் போனது. கணினியில் இருந்த கடைசி வேபாயின்ட்டின் எண்ணில் பழைய தட்டச்சுப் பிழை ஒன்று இருந்தது, பறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அந்த எண்ணைத் திருத்தினார்கள். திருத்தம் சரியானதுதான். திருத்திய ரூட் மலையின் மேலே போனது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை.

ட்ரோன் அலுவலகத்தில் இது தினமும் நடக்கக்கூடியது. ரூட் போடுகிறவர் ஒருவர், களத்துக்குப் போகிறவர் இன்னொருவர். காலையில் ஒரு புள்ளியை நகர்த்தி அதே பெயரில் சேமித்துவிட்டால், களத்தில் இருப்பவர் நேற்று அச்செடுத்த படத்தை நம்பிக்கொண்டு நிற்பார். ஆகவே கோப்பின் பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். ஒவ்வொரு சொந்த வேபாயின்ட்டுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: எண், இடம், உயரம், உயரம் எதிலிருந்து, ஏன் வைத்தேன். "7-ம் புள்ளி, டவரைத் தவிர்க்க" என்ற அளவு போதும். மாற்றினால் போன் போட்டுச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததை வைத்துப் படித்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். களத்தில் இருப்பவரும் ரூட்டை ட்ரோனில் ஏற்றியபின் அதிலிருந்து திரும்ப இறக்கிப் பார்த்து, புள்ளிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தூரமும் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அழகான வான்வழி வீடியோ இணைக்காதவர் இல்லை. நீங்கள் மூன்று ரூட் கோப்புகளை இணையுங்கள். ஒன்று, சிமுலேட்டரில் ஓட்டிய கிரிவலம், செருகிய புள்ளிகளுக்கான காரணத்தோடு. இரண்டு, கோயிலுக்குப் பின்புறச் சரிவில் நிலத்தையொட்டி ஏறும் ரூட், உயர வரைபடத்தோடு. மூன்று, உங்கள் ஊர் வயல் ஒன்று, கம்பமும் கிணறும் தென்னையும் குறித்தது. கூடவே ஒரு பக்கத்தில், ஆர்டிஎல் உயரத்தை ஒவ்வொன்றிலும் எவ்வளவு வைத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வர வாய்ப்பு அதிகம்.